நெடுங்கதையும் வழங்கியின் வாசலும்

கிருஷ்ணன்கோவில் என்று எழுதினால் நம் கண்ணுக்கு எட்டே எழுத்துகள். யுனிகோடு அவற்றைப் பதினைந்து குறியெண்களாகக் காண்கிறது. ‘கோ’ என்பதில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி மற்றொன்று. யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டு என்பதால், எங்கள் ஊர்ப்பெயருக்கு மட்டும் 45 பைட்டு ஆகிறது. ஆங்கிலத்திலோ அது பன்னிரண்டில் முடிந்துவிடும்.

நண்பர்கள் சிலராகச் சேர்ந்து, எங்கள் கதைகளை வழங்கியிலிருந்து வாசகரின் கணினிக்கு அனுப்பும் நிரலொன்றை எழுதியபோதுதான் இக்கணக்கின் பொருள் விளங்கிற்று. சிறுகதைகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. நெடுங்கதையொன்று மட்டும் ஏற்கப்படாமல் திரும்பியது. நாங்கள் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட டபிள்யூ.சி.எஃப். வந்துசேரும் ஒரு செய்திக்கு அது இயல்பாக வைத்திருக்கும் எல்லை 65,536 பைட்டு. தமிழுக்கு அது 21,845 குறியெண்களுக்கு மேல் இடம் தராது. ஆங்கிலத்திற்கு ஏறத்தாழ மும்மடங்கு தரும்.

எல்லையை உயர்த்திவிடலாமே என்றார் ஒருவர். உயர்த்தலாம்தான். ஆனால் முழுச் செய்தியையும் நினைவகத்தில் ஏந்திக்கொள்ளும் நிரலுக்கு அந்த எல்லையே காவல். அதை அகற்றிவிட்டால், தீய நோக்குடன் அனுப்பப்படும் ஒரே பெருஞ்செய்தி அதனை முடக்கிவிடக்கூடும்.

ஆகவே கதையைத் துண்டாக்கினோம். எந்தக் கதை, எத்தனையாவது துண்டு, மொத்தம் எத்தனை என்ற மூன்றையும் ஒவ்வொரு துண்டின் தலையிலும் எழுதினோம். இராஜபாளையம் ஆலைக்குப் பல லாரிகளில் வரும் பஞ்சுப் பொதிகளை எண்ணிட்டுச் சரிபார்ப்பது போன்றதே இது. வராத துண்டை மட்டும் மீண்டும் கேட்டால் போதும். கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இவ்வாறே இயங்குகிறது: தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியெண்கள், நீண்டதைப் பிரித்தால் துண்டுக்கு 67. மீதி மூன்றின் இடத்தை இந்த எண் விவரமே எடுத்துக்கொள்கிறது.

எங்கே வெட்டுவது என்பதே மிஞ்சிய கேள்வி. 65,536 மூன்றால் வகுபடாது. பைட்டை மட்டும் எண்ணி வெட்டினால் கத்தி எழுத்தின் நடுவே இறங்கும். துண்டுகளையெல்லாம் சேர்த்த பின்னரே எழுத்தாக மாற்றினால் தீங்கில்லை. வரவரத் திரையில் காட்ட முனைந்தால் கேள்விக்குறிகளே தெரியும். குறியெண் சிதையாமல் வெட்டினாலும், ககரம் ஒரு துண்டிலும் ஓகாரக் குறி அடுத்ததிலுமாகப் பிரிந்துபோக இடமுண்டு.

எனவே எல்லைக்குள் அடங்கும் கடைசிப் பத்தியின் முடிவில் வெட்டினோம். துண்டுகள் சற்றே சிறுத்தன. வாசகர் முதற்பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவை வந்து சேர்ந்தன. எல்லையை இயந்திரம் வகுக்கட்டும். வெட்டுமிடத்தை மொழியறிந்தவர் தீர்மானிப்பதே முறை என்பது எங்கள் எண்ணம்.