மலையடிவாரத்தில் ஒரு கேள்வி

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. முழுநிலா இரவுகளில் மலைவலம் வரும் மக்கள் பெருந்திரளாக அவ்வூரைக் கடந்து செல்வர். அங்கு ஒரு வீட்டுத் திண்ணையில் அன்பியக் கூட்டம் நடந்தது. கோடை விடுப்பில் சென்ற ஒரு பங்குத்தந்தைக்கு மாற்றாக, ஜெர்மனியில் ஒரு மாதம் பணியாற்றித் திரும்பியிருந்தோம். அங்குக் கண்டவற்றைச் சொல்லுமாறு மக்கள் கேட்டனர். மலையடியில் வாழ்பவர்களாயிற்றே என்று, யாம் ஏறிய மலையைப் பற்றியே சொல்லத் தொடங்கினோம்.

பவேரியா மாநிலத்தில் அம்மர் ஏரிக்கு அருகே ஆண்டெக்ஸ் என்றொரு குன்று உண்டு. அதனைப் 'புனித மலை' என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். ஏரிக்கரை ஊரிலிருந்து திருப்பயணிகள் கால்நடையாக ஏறுகின்றனர். உச்சியில், 1455ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவுமடம் நிற்கிறது. ஆலயத்தில் செபித்து வெளிவருவோர்க்கு அருகிலேயே உணவுக்கூடம். அங்கே துறவுமடத்தின் பீர் பரிமாறப்படுகிறது! தாத்தாவும் பாட்டியும் பேரக் குழந்தைகளும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். பெரியோர் முன் பீர்க் குவளை. சிறுவர் முன் பழச்சாறு. யாமும் ஒரு குவளை அருந்தினோம். அதை மறைப்பானேன்?

அவர்கள் மரபு நெடியது. வாற்கோதுமை, ஹாப்ஸ் பூ, நீர் ஆகியவையன்றி வேறெதுவும் பீரில் சேர்த்தலாகாது என்று 1516ஆம் ஆண்டு பவேரியக் கோமகன் சட்டம் வகுத்தார். விலைக்கும் வரம்பு கட்டினார். ஒரு லிட்டர் கொள்ளும் குவளைக்கு 'மாஸ்' என்று பெயர். அச்சொல்லின் பொருளே 'அளவு' என்பதாம். துறவியர் மதுவின்றி வாழ்வதே மேல் என்று கருதிய புனித ஆசீர்வாதப்பர், அதனை எல்லாரும் ஏற்கமாட்டார் என்பதை உணர்ந்து, நாளுக்கு இவ்வளவு திராட்சை இரசம் என ஆறாம் நூற்றாண்டிலேயே தம் ஒழுங்கில் வரையறுத்தார். ஆண்டெக்ஸ் பீரின் வருவாய், மியூனிக் நகரில் வீடற்றோரைப் பேணும் பணிக்கும் உதவுகிறது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு நம் நாட்டு நிலைக்கு வந்தோம். 1937இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. "நம்மவர்கள் நின்றபடியே, வெறும் வயிற்றில், அவசரமாகக் குடிக்கின்றனர். அவர்களோ அமர்ந்து, உண்டு, பேசி, அளவோடு அருந்துகின்றனர்" என்று சற்றுப் பெருமிதத்தோடு முடித்தோம்.

திண்ணையின் ஓரத்திலிருந்து ஒரு தாய் கேட்டார்: "அங்க பொம்பளைங்க அழுவ மாட்டாங்களா சாமி?"

குடியால் மாண்ட அவருடைய கணவரை முந்தின ஆண்டு அடக்கம் செய்தவர் யாமே. நாற்பது வயதும் நிரம்பாத மனிதர். எமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. "அங்கும் குடிநோய் உண்டு அம்மா. ஆனால் யாம் உணவுக்கூடத்தைத்தான் கண்டோம், வீடுகளுக்குள் சென்று பார்க்கவில்லை" என்றோம்.

அவ்விரவு உறக்கம் வரவில்லை. நாள்தோறும் பலிபீடத்தில் திராட்சை இரசக் கிண்ணத்தை உயர்த்தும் கைகள் இவை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் செய்த அருஞ்செயலைப் பன்முறை மறையுரையில் விரித்துரைத்திருக்கிறோம். படைப்பின் கொடையை வெறுப்பது திருச்சபையின் போதனையன்று. ஆயினும் அளவைப் பற்றிப் பேசிய யாம், அளவு மீறியதை யாரிடம் கேட்டறிவது என்று எண்ணிப் பார்த்ததில்லை. குவளையை ஏந்துபவனுக்கு அது தெரியாது. கடைக்காரருக்கு அது தேவையில்லை. விளக்கை அணைக்காமல் வாசலில் காத்திருப்பவளுக்கே தெரியும். கானாவூரிலும் குறையை முதலில் கண்டுணர்ந்தவர் ஒரு தாயே அல்லவா?

முன்பெல்லாம் காலை வேளைகளில்தான் வீடு சந்திக்கச் செல்வோம். அப்போது எல்லா வீடுகளும் பெருக்கி மெழுகி, சிரித்த முகத்தோடு இருக்கும். இப்போது சனிக்கிழமை மாலைகளில் செல்கிறோம். அன்றுதான் கூலி கைக்கு வரும் நாள். மறையுரை ஏதும் சொல்வதில்லை. ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிப் பருகி, வீட்டுக்காரர் வந்து சேரும்வரை திண்ணையில் அமர்ந்திருக்கிறோம்.