மாணவர் விடுதியும் இணையமும்

நம் தோட்டங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் பல்கலைக்கழகஞ் செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கட்டிக் கொடுக்கும் சாமான்களை நோக்குவோமாயின், தலையணை, வாளி, துணி காயப்போடும் கயிறு, ஊறுகாய்ப் புட்டி முதலியன தவறாது இடம்பெறுதலைக் காணலாம். பிள்ளை அங்கே எதைக்கொண்டு படிக்கப்போகிறது என்று கேட்பார் மிகச் சிலரே. கேட்டாலும், "விடுதியிலே இணையம் இருக்கிறதாமே!" என்ற ஒரு சொல்லோடு அவ்விஷயம் முடிந்துவிடுகிறது. இருக்கிறது, உண்மைதான். ஆயின் எப்படி இருக்கிறது, எந்நேரத்தில் இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்பவற்றைச் சிறிது விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் பேராசிரியனல்லேன், பொறியியல் கற்றவனுமல்லேன். செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணி உத்தியோகம் பார்ப்பவன். 2003ஆம் ஆண்டு முதற்கொண்டு இந்நாட்டுப் பள்ளிகளிற் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் போதிக்கப்பட்டனவல்லவா? அக்காலத்து மாணவன், பின்னர்க் கணக்கியலையும் ஆங்கிலத்திலேயே பயின்றேன். ஆதலின் இயந்திரங்களைப் பற்றிய ஆங்கிலக் கைந்நூல்களை வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் உண்டு. என் தங்கை பல்கலைக்கழக விடுதியொன்றில் இரண்டாண்டுகளாக வசித்து வருகிறாள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்ற முதற்பெண் அவளே. அவள் பட்ட பாட்டைக் கேட்டும், அதற்குக் காரணந் தேடியும் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றை ஐயமறத் தெளிந்துகொள்ளல் வேண்டும். இணையம் மாணவர்க்கு ஒரு பொழுதுபோக்குச் சாதனம் என்று எண்ணும் பெரியோர் நம்மிடை இன்னும் பலர். பல்கலைக்கழகத்தில் இடங் கேட்டு விண்ணப்பிப்பது இணையத்தில், இடங் கிடைத்ததா என்று அறிவது இணையத்தில், பி.டி.பி.டி.என். கடனுக்கு மனுச் செய்வது இணையத்தில். பாடங்களைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்வது, விரிவுரைக் குறிப்புகளைப் பெறுவது, கட்டுரைகளை ஒப்படைப்பது, சிறு தேர்வுகளை எழுதுவது ஆகிய யாவும் அதனிடத்தேதான். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபின் இவ்வுண்மை உலகறியப் புலப்பட்டது. அவ்வாண்டில் சபா மாநிலத்து மாணவி யொருத்தி, வீட்டில் இணையம் எட்டாமையால் மரத்தின்மேற் பரண் அமைத்து, ஒரு நாள் முழுதும் அங்கேயே தங்கித் தேர்வெழுதிய செய்தியை நாடே பேசிற்று. நம் தோட்டங்களில் மரம் ஏறாவிடினும் மேடு ஏறினவர்கள் உண்டு. என் தங்கை தன் எஸ்.டி.பி.எம். படிப்பின் பெரும் பகுதியை எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேட்டிலிருந்தே முடித்தாள். அங்கே மட்டுமே கைப்பேசியில் அலை தெரியும். மழை வந்தாற் படிப்பும் நின்றது.

ஆகவே விடுதியிற் சேர்ந்த நாளில், "அண்ணே, இனி மேடு ஏற வேண்டியதில்லை" என்று அவள் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. கட்டில் இரண்டு, மேசை இரண்டு, சன்னல் ஒன்று உள்ள அறை அது. கிளந்தான் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்ணொருத்தி அறைத்தோழி, மீன்பிடிக்குங் குடும்பத்தினள். பெட்டிகளைத் தூக்கிச் சென்ற யான் மேசைக்குப் பின்னாற் சுவரில் ஒரு சதுரப் பொருத்தியைக் கண்டேன். கம்பிவழி இணையத்துக்காக முன்னொரு காலத்தில் வைத்தது. அதன் வாயையுஞ் சேர்த்துச் சுவருக்கு வெள்ளை பூசியிருந்தார்கள்.

முதல் வாரம் குறையொன்றுமில்லை. வகுப்புகள் தொடங்கின பிறகோ, இரவு ஒன்பது மணியானால் விடுதியில் இணையம் நடைபிணமாயிற்று. திரையில் அடையாளம் முழுதாகத் தெரிகிறது. பக்கம் மட்டும் திறப்பதில்லை. இது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள யான் சில இரவுகள் செலவிட்டேன். அதனை நம்மவர்க்குச் சொல்ல எங்கள் பெரட்டுக்களமே போதும்.

அதிகாலைப் பெரட்டில் மண்டோர் பெயர் வாசிக்கிறார். ஒருவர்பின் ஒருவராகக் குரல் கொடுக்கின்றனர். கணக்கு விரைவில் முடிகிறது. எல்லாருஞ் சேர்ந்து ஒரே கணத்தில் குரல் கொடுத்தால் ஒரு பெயருங் காதில் விழாது; மறுபடியும் வாசிக்க வேண்டும். வைஃபை என்னும் கம்பியில்லா இணையமும் இப்படியே. ஓர் அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒரு கருவி மட்டுமே பேசலாம். இரண்டு பேசினால் இரண்டும் குழம்பும்; ஒவ்வொன்றும் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பேசிப் பார்க்கும். இவ்வேற்பாட்டின் மூலம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே தோன்றியது. தீவுகளிடையே கம்பி இழுப்பது அரிதாகையால், நார்மன் ஆப்ரம்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளால் கணினிகளை இணைத்து, 1971இல் அலோகா வலையை இயக்கினர். வேண்டியபோது அனுப்பு, மறுமொழி வாராவிடில் சற்றுத் தாமதித்து மறுபடி அனுப்பு என்பதே அதன் விதி. 1997இல் வகுக்கப்பட்ட வைஃபை நியமம், பேசுமுன் காது கொடுத்துக் கேள் என்ற நாகரிகத்தையும் உடன் கொண்டது. அவ்வளவுதான். கூட்டம் பெருகினால் நாகரிகமும் உதவாது. எல்லாருங் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

இன்னுமொரு விந்தை உண்டு. கருவிக்கு வெகு தொலைவில், கடைசி அறையில் இருப்பவரின் கைப்பேசிக்கு அலை மெலிந்து கிடைப்பதால், அது மெல்ல மெல்லவே பேச இயலும். அது பேசி முடிக்கும்வரை அருகிலிருப்பவரின் வேகமான கணினியும் வாய்மூடி நிற்க வேண்டியதே. ஆக, கடைசி அறைக்காரிக்கு அலை சேராதிருப்பது அவளுடைய கஷ்டம் மட்டுமன்று. முதல் அறைக்காரியின் கஷ்டமும் அதுவே. இதை வாசித்தபோது யான் வெகு நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றியும், பழைய 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே. ஒன்று, ஆறு, பதினொன்று என்று அவற்றை எண்ணுவர். விடுதி இணையம் சரியில்லை என்று கோபித்து ஒவ்வொரு அறையினரும் தத்தம் கைப்பேசியைக் கொண்டு தனி வைஃபை உண்டாக்கினால், அம்மூன்றிலேயே எல்லாரும் வந்து முட்டிக்கொள்கின்றனர்; நோய்க்குக் கொண்ட மருந்தே நோயைப் பெருக்குகின்றது. 5 கிகாஹெர்ட்சுப் பகுதியில் இடம் தாராளம்; ஆனால் சிமெண்டுச் சுவரை ஊடுருவுவதில் அது சோனி.

"பிள்ளைகள் படம் பார்ப்பதும் விளையாடுவதுமே காரணம், அவற்றை அடைத்துவிட்டால் எல்லாஞ் சரியாகும்" என்பார் உளர். படம் பார்க்கிறார்கள், மறுப்பதற்கில்லை. நம் தமிழ்ப் பிள்ளைகள் புதுப்படம் வெளியான வாரத்தில் யாருக்கும் சளைத்தவர்களல்லர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வழக்குப் பழைய வழக்கு. 1999இல் அமெரிக்க மாணவன் ஷான் பேனிங் என்பவன் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள நாப்ஸ்டர் என்னும் செயலியை ஆக்கினான். அடுத்த ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களின் இணையக் குழாய்கள் அதனால் நிரம்பி வழிய, பல பல்கலைக்கழகங்கள் அதைத் தடுத்தன. அதன் பின் மாணவர்கள் பாட்டுக் கேட்பதை விட்டொழித்தார்களா? வேறு வழி கண்டார்கள். பேஸ்புக்கு 2004இல் ஹார்வர்டுப் பல்கலைக்கழக விடுதி யறையொன்றிற் பிறந்தது. விளையாட்டு எது, வேலை எது என்று வாயிலில் நின்று பிரிக்கப் புகும் காவலன் இரண்டையுமே தடுத்துவிடுவான். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு அளப்பது ஒருவகையில் நியாயம்; எங்கள் லயத்துக் குழாயடியில் காலை வேளையில் குடம் எண்ணி விடுவதுபோல. எதைப் பார்க்கிறாய் என்று கேட்பது அடுத்தவர் குடத்தில் எட்டிப் பார்ப்பதாகும்.

எல்லார்க்கும் இத்துன்பம் சமமன்று என்பதே என் நெஞ்சை உறுத்துவது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, விடுதி இணையம் படுத்தால், மாதாமாதம் பணங் கட்டிய தன் கைப்பேசித் தரவுக்கு மாறிக்கொள்கிறது. அதற்கு இது சிறு எரிச்சல். முன்கட்டணச் சீட்டில் எண்ணி எண்ணிச் செலவிடும் பிள்ளைக்கோ விடுதி இணையம் ஒன்றே கதி. ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, ஒரே கெடு. ஆயினும் ஒருத்தி வாகனத்திற் போகிறாள், மற்றொருத்தி நடந்து வருகிறாள்.

இனி நடந்ததைச் சொல்கின்றேன். ஒரு பாடத்தில் சிறுதேர்வு. இரவு 11.59க்குள் ஒப்படைக்க வேண்டுமென்பது கட்டளை. எல்லா மாணவரும் அக்கடைசி மணி நேரத்தில் மொய்க்க, தங்கை பத்தரை மணிக்கே முடித்துவிட்ட விடைகள் திரையிற் சுழன்றுகொண்டே யிருந்து, 12.04க்குப் போய்ச் சேர்ந்தன. மதிப்பெண் சுழியம். அலுவலகத்தில் முறையிட்டாள். "எல்லா விடுதியிலும் அப்படித்தான்" என்று மறுமொழி கிடைத்தது. அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். "அண்ணே, எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றல்லவா எழுதிவிட்டார்கள்!" என்றாள்.

யான் அவளுக்குச் சொன்னது இது: வாயாற் சொன்னது கணக்கில் ஏறாது. தோட்டத்தில் ஒருவன் நாள் முழுதும் உழைத்தான் என்பதற்கு அவன் வியர்வை சாட்சியன்று. செக்ரோலில் விழும் கோடே சாட்சி. ஆகையால் நீயும் ஒரு செக்ரோல் போடு. நாள், நேரம், இடம், வேகம் என்று நான்கு பத்தி கீறு. காலை ஆறு, பிற்பகல் மூன்று, இரவு பத்து என மூன்று வேளை; உன் அறை, நடைக்கூடம், கீழ்த்தளக் கூடம் என மூன்று இடம். பதினான்கு நாள் விடாது எழுது.

அவளும் அறைத்தோழியும் எழுதினார்கள். முடிவைப் பார்த்தபோது வியப்பாயிருந்தது. நோய் ஒன்றன்று, இரண்டு. கீழ்த்தளத்தில் காலையில் நல்ல வேகம், இரவில் ஒன்றுமில்லை. இது கூட்ட நெரிசல். அவர்கள் மாடியின் கோடியிலுள்ள அறைகளிலோ, அனைவரும் உறங்கும் காலை ஆறு மணிக்குங்கூட அலை இல்லை. இது நெரிசலாக இருத்தல் இயலாது. இரண்டையும் பிரித்து, தேசியமொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, மாடியிலுள்ள மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் யாவரும் கையொப்பமிட்டு, அட்டவணையையும் இணைத்துக் கொடுத்தனர்.

மூன்று வாரங் கழித்து ஒரு தொழில்நுட்பர் வந்து ஏணி வைத்து ஏறினார். நடைக்கூடத்துக் கோடியில் கூரையோடு ஒட்டியிருந்த கருவி மாதக்கணக்காய் உயிரற்றுக் கிடந்தது. விளக்கு எரியவில்லை என்பதை அண்ணாந்து பார்த்தவர் ஒருவருமிலர். புதியது பொருத்தினார். சுவரிலிருந்த பொருத்தியையும் கேட்டார்கள். பூச்சைச் சுரண்டிப் பார்த்ததில் அம்மாடியில் இரண்டு அறைகளுடையவை மட்டும் உயிரோடிருந்தன. அவற்றுள் ஒன்று தங்கையின் அறை. இருபது மீட்டர்க் கம்பி யொன்றை வாங்கி அனுப்பினேன். தேர்வு நாளில் யாருக்கு அவசரமோ அவர் வந்து செருகிக்கொள்கிறார். பெற்றோர் சாமான்களோடு ஊறுகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இப்படியொரு கம்பியையும் வைத்தனுப்பினால் நஷ்டமில்லை. நூறு மீட்டர் வரை அது சளைக்காமல் உழைக்கும்.

இரவு நெரிசலுக்கோ, மேலிடத்து அனுமதியும் பணமும் வேண்டுமென்று விடை வந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அட்டவணையின் ஒரு படி அந்த விரிவுரையாளர் கைக்கும் போயிற்று. அவர் அதைப் பார்த்து, அதன்பின் கொடுத்த கெடுவையெல்லாம் மாலை ஐந்து மணியாக மாற்றிவிட்டார். ஒரு காசுச் செலவின்றி நடந்த இச்சீர்திருத்தம் புதிய கருவியினும் அதிக நன்மை செய்ததென்பது தங்கையின் கருத்து. போன மதிப்பெண் மட்டும் திரும்பவில்லை.

மற்றொன்றையும் இங்கே சொல்லி வைத்தல் நலம். பல பல்கலைக்கழகங்களில் எடுரோம் என்ற பெயரில் ஓர் இணையம் தெரியும். ஐரோப்பாவிலே தொடங்கி இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரவிய ஏற்பாடு அது. ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் மற்றொன்றுக்குச் சென்றாலும் தம் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையுங் கொண்டே இணையலாம். போன இடம் அவரை, நீ யார், எவ்வூர் என்று விசாரியாது; அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறது, அது ஆமென்றால் கதவைத் திறக்கிறது. முறைப்படி அமைத்தாற் கடவுச்சொல் இடையிலுள்ளார் கண்ணிற் படுவதில்லை. ஆயின் அதே பெயரிற் போலி வலை விரித்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் கயவரும் உளர். ஆதலின் முதன்முறை இணையும்போது, பல்கலைக்கழகம் தந்த குறிப்பின்படி அதன் சான்றிதழைச் சரிபார்த்தே இணைதல் வேண்டும். கேட்டவுடன் "சரி" என்று தட்டிவிடலாகாது. தங்கை விடுமுறையில் வேறொரு பல்கலைக்கழகத்து நூலகத்துக்குப் போயிருந்தபோது இதனால் ஒருவரையுங் கேளாமல் வேலை பார்த்து வந்தாள்.

சென்ற வாரம் அடுத்த கட்டடத்துப் பெண்கள் வந்து அந்த அட்டவணையின் படிவத்தைக் கேட்டு வாங்கிப் போனார்களாம். மூன்று வேளை போதாதென்று நள்ளிரவையும் நான்காவது வேளையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.