காட்டுப் பாதையின் கதவு

கதிர்காமக் கொடியேற்றம் நெருங்கினால், கல்முனை வீதியில் அடியார் கூட்டம் தெற்கு நோக்கி நடந்து செல்வதை நாம் சிறுவயது முதற் கண்டு வருகிறோம். முஸ்லிம் அயலவர்கள் அவர்களுக்குத் தாகந் தீர நீர் கொடுப்பார்கள். சென்ற ஆண்டு நாமும் அக்கூட்டத்திற் சேர்ந்தோம்.

உகந்தையை அடைந்தபோது காட்டுக் கதவு மூடியிருந்தது. இரண்டு நாட் காத்திருந்தோம். “முருகனிடம் போக அரசாங்கத்தின் அனுமதியா?” என்று சினந்தவர்களில் நாமும் அடக்கம். 1970இல் யால கிழக்குப் பூங்காவாக ஏற்பட்ட குமணை, யுத்தத்தினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. இன்னுமா தடை என்றுதான் எண்ணினோம்.

கதவு திறந்தது. நடந்தோம். குமுக்கன் ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கினோம். விடியற்காலையில் யானையின் அடிச்சுவடுகள். அருகே மென்று போட்ட பொலித்தீன் பை ஒன்று. எடுத்துப் பார்த்தோம். எம் வீட்டில் அவல் கட்டித் தந்த பைதான் அது. இரவு அலட்சியமாக எறிந்தவர் நாமே. எமக்கு நாணம் மேலிட்டது.

கோடையில் அவ்விலங்குகளுக்கு எஞ்சியிருப்பவை சில நீர்நிலைகளே. அங்கே ஆயிரக்கணக்கில் இறங்குகின்ற நமக்கு நாட்கணக்கு வேண்டாமா? ஆண்டில் சில நாட்களே மனிதர் நடப்பதனால் அன்றோ அது இன்னும் காடாயிருக்கிறது!

இவ்வாண்டு துணிப்பை தைத்து வைத்திருக்கிறோம். பிறர் எறிந்ததைப் பொறுக்கிவர ஒரு சாக்கும் உண்டு. கதவடியிற் காத்திருப்பதும் யாத்திரையில் ஒரு பகுதியென்றே இப்போது கருதுகிறோம்.