ஆடாத தண்ணீர்

பாய்லர் லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்த ஆறு மாதமும் எனக்கு வாத்தியாராக இருந்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

விருத்தாசலத்தை ஒட்டிய ஒரு ரைஸ் மில்லில் அவர் ஃபயர்மேன். முப்பது வருஷமாக உமி தள்ளி, நெல் அவிக்க நீராவி எடுத்துக் கொடுத்தவர். மில்லில் எல்லோருக்கும் அவர் மாமா, எனக்கும்தான். நான் ஹெல்ப்பராகச் சேர்ந்த வாரமே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டி, "இது யாரு மாமா?" என்று கேட்டேன். "அவருதான் நம்ம பாய்லர் அட்டெண்டன்ட். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு வருவாரு" என்றார். சிரிக்கவில்லை.

அந்தச் சான்றிதழ்க்காரருக்கு வயதாகிவிட்டது. அடுத்து ஒரு பெயர் வேண்டும். நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். "நீ எழுதுப்பா, ஃபீஸ் நான் கட்டறேன்" என்றார் முதலாளி. அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஊரைச் சொன்னால் பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், அப்புறம் பீங்கான் என்று வரிசையாகச் சொல்வார்கள். அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தவர். அகல், பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் எல்லாம் அவர் கையில் வெந்தவை. ஆகவே நெருப்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் சூளை நெருப்பு திறந்த வீட்டுச் சண்டை மாதிரி, உள்ளே என்ன நடக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாய்லர் அப்படி இல்லை. எல்லாம் மூடிய இரும்புக்குள். வெளியே தெரிவது ஒரு முள்ளும் ஒரு கண்ணாடிக் குழாயும்தான்.

ராத்திரி ஷிப்டில் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன். மாமா உமி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பார். "தண்ணீர் நீராவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும்" என்று வாசித்தால், "ஆமா, அதான் வெடிக்குது" என்பார். "10 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 180 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும்" என்றால், "அந்தத் தண்ணி வெளிய வந்தா தண்ணியா இருக்காது தம்பி" என்பார். பிரஷர் கேஜுக்குக் கீழே குழாயை ஏன் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று புத்தகம் ஒரு பக்கம் விளக்கியது. அந்தச் சுருளில் தண்ணீர் தேங்கி நின்று, சூடான நீராவி நேராக முள்ளுக்குப் போகாமல் தடுக்கும். மாமா அதை ஒரே வரியில் முடித்தார்: "மூஞ்சியில அடிக்காம இருக்க ஒரு வாசப்படி."

ஃபியூசிபிள் பிளக் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அம்மாதான் புரிய வைத்தாள். குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டால், மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு உருகி, உள்ளே இருப்பதெல்லாம் கூரைக்குப் போகுமே, அதேதான். தண்ணீர் குறைந்து சூடு எல்லை மீறினால் உள்ளிருக்கும் மெல்லிய உலோகம் உருகி வழிவிடும். நம் வீட்டு அடுப்பில் ஒரு குட்டி பாய்லர் தினமும் மூன்று விசில் விடுகிறது. சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை, 25 லிட்டருக்குக் குறைவான கலன் கணக்கில் வராது.

சட்டம் எப்படி வந்தது என்றும் படித்தேன். 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் போட்டார்கள். நாடு முழுவதற்குமான சட்டம் 1923இல் வந்தது. அமெரிக்காவிலும் இதே கதை. 1905இல் பிராக்டன் என்ற ஊரில் ஒரு ஷூ தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்த பிறகுதான் அங்கே விதிகள் இறுகின. ஒவ்வொரு விதிக்கு அடியிலும் யாரோ கிடக்கிறார்கள். எங்களுக்கு அது தூரத்துச் செய்தியும் இல்லை. 2020 ஜூலை 1 அன்று பக்கத்து நெய்வேலியில் இரண்டாம் அனல்மின் நிலையத்து பாய்லர் விபத்தில் அன்றே ஆறு பேர் போனார்கள். பிறகு மருத்துவமனையில் இன்னும் சிலர். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு அது நடந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்கு நின்றது. நான் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார், கண்ணாடியைப் பார்த்தார். "எவ்ளோ நேரமா இப்படியே நிக்குது?"

"பாதிக்குதான் மாமா இருக்கு. சரியாத்தான..."

"ஆடலையே தம்பி. ஆடாத தண்ணி பொய் சொல்ற தண்ணி."

கொதிக்கும் பாய்லரில் மட்டம் எப்போதும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மாமா கீழ் வால்வைத் திறந்து பார்த்தார். நீராவிப் பக்கம் புஸ்ஸென்று வந்தது. தண்ணீர்ப் பக்கம் ஒன்றுமில்லை, அடைத்திருந்தது. நான் பார்த்தது பழைய தண்ணீர். இன்னொரு கண்ணாடியைப் பார்க்கலாம் என்றால், அது உடைந்து ஒன்றரை மாதமாக மூடிக் கிடந்தது. விதிப்படி இரண்டு இருக்க வேண்டும்.

என் கை தானாக ஃபீட் பம்ப் பக்கம் போனது. தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விட வேண்டும், வேறென்ன தோன்றும்? மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நெருப்ப எடு மொதல்ல."

காற்றாடியை நிறுத்தினோம். உமி போவதை நிறுத்தினோம். ஈரச் சாம்பலைப் போட்டு நெருப்பை அமுக்கினோம். பிறகு ஒன்றும் செய்யவில்லை, விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். ஊற வைத்த நெல் தொட்டியில் நாற ஆரம்பித்தது. முதலாளி வந்து கத்தினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் செய்தது ஏன் சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கிளாஸ் மாத்தணுங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதை ஒன்றரை மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "சூளையும் அப்படித்தான்டா. வெந்துடுச்சேன்னு அவசரப்பட்டுக் கதவத் திறந்தா, காத்து பட்டு டிங்குனு சத்தம் வரும். மொத்த லோடும் போச்சு." களிமண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் ஆறும்போது 573 டிகிரியில் உருமாறுகிறது, அங்கே அவசரப்பட்டால் விரிசல். இது செராமிக் படிக்கிறவர்களின் பாடம். அப்பாவுக்கு டிகிரி தெரியாது, சத்தம் தெரியும்.

சென்னையில் வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "கேஜ் கிளாஸ்ல தண்ணி தெரியல. என்ன பண்ணுவீங்க?"

"நெருப்ப நிறுத்துவேன் சார். தண்ணி விட மாட்டேன்."

"ஏன்?"

சிவந்த தகட்டில் தண்ணீர் பட்டால் நொடியில் நீராவியாகி அழுத்தம் எகிறும், சூட்டில் பலம் இழந்த இரும்பு சுருங்கி விரிசல் விடும் என்று புத்தகப் பதிலைச் சொன்னேன். அப்புறம் வாய் தவறி, "சூளைக் கதவ அவசரமா திறக்கற மாதிரி சார்" என்றேன். அவர் நிமிர்ந்தார். "எந்த ஊரு?"

"விருத்தாசலம் சார்."

"அதான்" என்றார்.

பாஸானேன். செகண்ட் கிளாஸ். சுவரில் பழைய சட்டத்தைக் கழற்றி என் பெயரை மாட்டினார்கள். மாமாவுக்குச் சம்பளம் அதேதான், வேலையும் அதேதான். லாக் புக்கில் கையெழுத்து மட்டும் என்னுடையது. முதல் நாள் பேனாவை எடுத்தபோது உடைந்த கண்ணாடி இன்னும் மூடித்தான் கிடந்தது. மாமா உமியை அள்ளி நெருப்பு மூட்டத் தயாராக நின்றார்.

"வேணாம் மாமா" என்றேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். ரெண்டாவது கிளாஸ் மாட்டாமல் நெருப்பு வைக்க முடியாது, வைத்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் குரல் நடுங்கியது. "லைசன்ஸ் வந்த ஒடனே வாயும் வந்துடுச்சா?" என்றார். ஆமாம், வந்துவிட்டது. அந்தக் காகிதத்தின் உபயோகமே அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு மாமாவுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவரால் 'முடியாது' என்று சொல்ல முடிந்ததில்லை. அவர் கற்றுக்கொடுத்ததை, அவர் சொல்ல முடியாத இடத்தில் நின்று நான் சொன்னேன். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் கூச்சமும் இருந்தது.

சாயங்காலம் ஆள் வந்து கண்ணாடியை மாட்டினான். ஒரு மணி நேர வேலை. அழுத்தம் ஏறியதும் இரண்டு குழாயிலும் தண்ணீர் சேர்ந்தே ஆடியது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புத்தகம் எடுத்தாந்தியா? ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு என்னா போட்டிருக்கான், வாசி" என்று மூட்டை மேல் உட்கார்ந்தார்.