சிறுநீரக ஃபைலில் ஒரு கண் சீட்டு

அம்மா கொடுத்த சிறுநீரகம் என் உடம்பில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கிரியாட்டினின் 1.2. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் டாக்டர் விரும்பிய இடத்தில் நின்றது. இந்த எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணுக்கும் ஓர் எண் உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் அது வெளிவந்தது. பலகையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தேன். பார்வை சரி என்று அனுப்பியிருக்கலாம். அங்கிருந்த கண் டாக்டரம்மா என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, "பிரெட்னிசோலோன் எவ்வளவு நாளா சாப்பிடறீங்க?" என்றார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, கண் அழுத்தம் பார்த்தார். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. வரை இருக்க வேண்டும். என் வலது கண்ணில் 32. வலியில்லை, சிவப்பில்லை, எழுத்தில் மங்கலில்லை. ஆனால் பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட் தாளில் மூக்குப் பக்கத்து ஓரம் கறுத்திருந்தது. கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது என்பதை அவர் மறைக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கண்ணுக்குள் ஊறும் நீர் சல்லடை மாதிரியான ஒரு திசு வழியே வடிகிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சிலருக்கு அந்த வழியை அடைக்கிறது. அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்த உறவில் கிளாக்கோமா இருப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே மாத்திரை கண்புரையையும் கொண்டுவரும் என்பதால், பார்வை மங்கினாலும் பழி புரையின் மேல் போய்விடுகிறது.

அதற்காக ஸ்டீராய்டை நாமாக நிறுத்த முடியாது. உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிடக்கூடும். 1954-இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கரு இரட்டையரிடையே நடந்தது. அதனால் சிறுநீரகம் பெற்றவருக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தே வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கண் அழுத்தத்தைச் சட்டென்று இறக்க டயமாக்ஸ் மாத்திரை கொடுப்பது வழக்கம். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். டாக்டரம்மா அதை எழுதாமல், முதலில் என் சிறுநீரக டாக்டருக்குப் போன் போட்டார். சொட்டு மருந்து போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பிரெட்னிசோலோன் அளவைச் சிறுநீரக டாக்டரே மெல்லக் குறைத்தார். சொட்டு விட்டதும் இமையை மூடி, மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து ரத்தத்தில் கலப்பது அதனால் குறையும்.

வீட்டில் எல்லோருடைய கண்ணையும் பார்க்க வேண்டும் என்றார்கள். "எனக்கென்னப்பா, கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்ற அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். ஸ்டீராய்டே தொடாத அவருக்கு 26. நரம்பு இன்னும் கெடவில்லை. இப்போது இருவரும் இரவில் சொட்டு விடுகிறோம்.

சிறுநீரக ரிவ்யூ அட்டையில் கிரியாட்டினினுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். கண் அழுத்தத்துக்கும் ஒன்று அச்சடிக்க வேண்டும் என்று போகும்போதெல்லாம் கேட்கிறேன். அது வரும்வரை, கண் டாக்டரின் சீட்டை ஃபைலில் முதல் தாளாக வைத்து நீட்டுவேன்.