வாயைத் திறந்தால் கைதட்டல்... சர்க்கஸ் நீர்யானையும் ஓசூருக்குப் பக்கத்துக் குளமும்!

ஓசூர்க்காரர்களுக்கு யானை புதிதல்ல. ராகி அறுவடை நேரத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து இறங்கி தளி, ஜவளகிரி, சானமாவு என வலம்வரும் கூட்டங்களைப் பற்றி இங்கே டீக்கடையில்கூடப் பேசுவார்கள். ஆனால், அதே பன்னர்கட்டாவில் இன்னொரு 'யானை'யும் இருக்கிறது. அதற்குத் தும்பிக்கை கிடையாது. அது நீர்யானை!

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, ஆனேக்கல் வழியாகப் போனால் பன்னர்கட்டா உயிரியல் பூங்கா வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சிப்காட் தொழிலாளர் குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வரிசையில் டிக்கெட்டுக்கு நிற்கும். நீர்யானைக் குளத்தருகே எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். 'எப்போ வாயைத் திறக்கும்?'

அந்த வாய்தான் ஷோ

சர்க்கஸிலும் நீர்யானைக்கு அதுதான் வேலை. புலி வளையத்துக்குள் பாயும், யானை ஸ்டூலில் ஏறி நிற்கும். நீர்யானையால் இதெல்லாம் முடியாது. பயிற்சியாளர் ரொட்டியையோ முட்டைக்கோஸையோ காட்டியபடி முன்னே நடப்பார். அது பின்னாலேயே வரும். அவர் சொன்னதும் வாயைப் பிளக்கும். தீனி உள்ளே விழும். கூடாரமே கைதட்டும்.

பயிற்சியின் சூட்சுமம் எளிது. சொல், வாய், தீனி. இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்வரை தினமும் அதையே செய்ய வேண்டும்.

ஆனால், காட்டில் அந்த வாய்க்கு அர்த்தம் வேறு. 'கிட்ட வராதே' என்ற மிரட்டல் அது. சுமார் 150 டிகிரி வரை விரியும் வாய்க்குள், அரை மீட்டர் வரை வளரும் கோரைப் பற்கள் இருக்கின்றன. ஆண் நீர்யானை ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். புல் தின்னும் பிராணிதான். ஆனாலும், ஆப்பிரிக்காவில் மனிதர்கள் மிகவும் பயப்படும் விலங்குகளில் இதுவும் ஒன்று.

தொட்டிதான் ஆறு

பயிற்சியைவிடப் பராமரிப்புதான் கஷ்டம். வெயிலில் தண்ணீர் இல்லாமல் இருந்தால் நீர்யானையின் தோல் வறண்டு வெடிக்கும். அதனால்தான் பகல் முழுக்க ஆற்றில் கிடந்துவிட்டு, இரவில் கரையேறி மேயும். ஒரே இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும்.

ஊர் ஊராகப் போகும் சர்க்கஸில் ஆற்றுக்கு எங்கே போவது? ஒரு தொட்டிதான் ஆறு. கூட்டமாக வாழும் பிராணி அதில் தனியாகக் கிடக்கும்.

நீர்யானையின் தோலில் சிவப்பாக ஒரு திரவம் சுரக்கும். வெளிநாட்டு சர்க்கஸ்களில் 'ரத்தம் வியர்க்கும் விலங்கு' என்றே விளம்பரம் செய்தார்கள். அது ரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. வெயிலிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் தோலைக் காக்கும் இயற்கையான சன்ஸ்கிரீன்!

பட்டியலில் இல்லாத பெயர்

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1998 அக்டோபரில் அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று நீதிமன்றம் போனார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் அடைக்கலம் கொடுத்த மையங்களில் பன்னர்கட்டாவும் ஒன்று. நம்ம வண்டலூரும் ஒன்று.

ஆனால், 1998 பட்டியலில் நீர்யானையின் பெயர் இல்லை. சிங்கமும் புலியும் கூடாரத்தைவிட்டு வெளியேறிய பிறகும் நீர்யானை ரொட்டிக்காக வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது. சர்க்கஸில் எந்த விலங்குமே கூடாது என்ற வரைவு விதியை 2018-ல்தான் மத்திய அரசு வெளியிட்டது.

அதே பயிற்சி, வேறு காரணம்

உலகின் பல உயிரியல் பூங்காக்களில் இன்றும் நீர்யானைக்கு வாயைத் திறக்கப் பழக்குகிறார்கள். கைதட்டலுக்காக இல்லை, பல்லைப் பார்க்க! வாழ்நாள் முழுக்க வளரும் பல் கோணலாகப் போனால் வாயைக் கிழித்துவிடும். மயக்க ஊசி போடுவதும் ஆபத்து. எனவே, கேரட்டைக் கொடுத்து வாயைத் திறக்க வைத்துப் பரிசோதிக்கிறார்கள்.

திறந்த வாயைப் பார்த்ததும் எதையாவது வீசத் தோன்றும். ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் பூங்காவில் 2017-ல் ஒரு நீர்யானை இறந்துபோனது. அதன் வயிற்றில் இருந்தது ஒரு டென்னிஸ் பந்து!

பன்னர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் தாராளமாகப் போகலாம். குளத்தருகே நிற்கும்போது சிப்ஸ் பாக்கெட் மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும். அது வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீருக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தால், அது நிம்மதியாக இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்!