கடிதத்துக்கு நடுவே ஓர் அழையா விருந்தாளி

கடந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்து வரவில்லை.

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், தீபாவளிக்கு முதல் நாள் இரவே அப்பாவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுவார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது தவறியதில்லை. அப்பா அதை எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படிப்பார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் தீபாவளி தொடங்கியதாகக் கணக்கு.

"ஏம்பா, அண்ணன் எழுதலையா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு நாமெல்லாம் எதுக்கு? பெரிய மனுசன் ஆயிட்டான்" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் அப்பா அப்படிப் பேசுகிறவர் அல்லர். அதிலும் அந்த அண்ணனைப் பற்றி!

எங்கள் குடும்பம் கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் வேர்விட்ட குடும்பம். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கிடைப்பது சிக்கலானபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்களில் இருவர். 1970இல் பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார்கள். பதினெட்டு வயதுத் தம்பியான என் அப்பா மட்டும் பாட்டியோடு இங்கேயே தங்கிவிட்டார். பாட்டி பால்மரம் சீவப் போன நாள்களில் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அந்தப் பெரியம்மாதான். அப்பா அவரை 'அண்ணி' என்று அழைத்தாலும், மனத்தில் வைத்திருந்த இடம் தாயின் இடம்.

அந்தப் பெரியம்மா கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் தவறிப்போனார். அண்ணன் தொலைபேசியில் சொன்னார். அப்பாவுக்கு அப்போதுதான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. விமானம் ஏற முடியாத நிலை. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளைபோல் அழுதார். பத்து நாள் கழித்து, பெரியம்மாவின் கடைசி நாள்களைப் பற்றி அண்ணன் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினார். அதற்குப் பிறகுதான் இரு வீட்டுக்கும் இடையே பேச்சே இல்லாமல் போனது.

என்னதான் நடந்தது என்று அப்பாவின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மின்னஞ்சலைத் திறந்ததும் மேலே ஒரு பெட்டி. அதில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், மூன்று வரிகள். தாயாரின் இறுதிச் சடங்கு முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்தின் தேதி இன்னது. அனுப்பிய பணம் கிடைத்தது, நன்றி. அவ்வளவுதான். கீழே, தொட்டால் போதும் என்று காத்திருந்த மூன்று ஆயத்தப் பதில்கள்.

அது அண்ணன் எழுதியதன்று. மின்னஞ்சல் சேவை தானாகவே சேர்த்திருந்த செயற்கை நுண்ணறிவுச் 'சுருக்கம்'. கண் சரியாகத் தெரியாத நேரத்தில் அப்பா அந்தப் பெட்டியைத்தான் கடிதம் என்று எண்ணியிருக்கிறார். "அண்ணி செத்துப்போனதை இப்படித்தான் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதுவானா?" என்று மனம் நொந்திருக்கிறார். அந்த வருத்தத்தில், ஆயத்தப் பதில்களில் ஒன்றைத் தொட்டு அனுப்பிவிட்டார். "உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பது அந்த ஆங்கில வரியின் பொருள்.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அது எங்கள் வீட்டுச் சாவு. பதினாறு நாள் தீட்டு அங்கே எவ்வளவோ இங்கேயும் அவ்வளவு. துக்கத்துக்கு உரியவர், துக்கம் விசாரிக்க வந்த வெளியாள் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டார். 'உங்கள் இழப்பு' என்ற ஒரு சொல்லில் ஐம்பது ஆண்டு உறவு அறுந்துபோனது போல் அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டு வாய்மூடி இருந்துவிட்டார்கள்.

பெட்டிக்குக் கீழே இருந்த உண்மையான கடிதத்தைக் கணினியில் பெரிதாக்கி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதி ஆங்கிலம், பாதி ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நடுவில் ஒரு வரி: "அம்மா கடைசி வரைக்கும் 'தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா'ன்னு உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, சித்தப்பா." சுருக்கத்தில் காரியத் தேதி இருந்தது, பணம் இருந்தது, இந்த வரி இல்லை.

அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

எந்த நிறுவனத்தின் சேவை அது என்று சொல்வது இங்கு என் நோக்கமன்று. இன்று ஏறத்தாழ எல்லாக் கடையிலும் இதே சரக்குதான். ஆனால், "இதை நாங்கள் எப்போது கேட்டோம்?" என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, உலகம் முழுவதும் பலர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

இந்தக் கதை புதிதன்று. மைக்ரோசாப்டின் 'ஆபிஸ் 97' மென்பொருளில் காகிதக் கவ்வி வடிவில் ஓர் உதவியாளன் வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'அன்புள்ள' என்று தொடங்கினாலே, "கடிதம் எழுதுகிறீர்களா? உதவட்டுமா?" என்று குதித்து வருவான். கேலிக்கு ஆளாகி, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் முற்றாகக் காணாமல் போனான். 2015இல் கூகுள் தன் 'இன்பாக்ஸ்' செயலியில் ஆயத்தப் பதில்களைக் கொண்டுவந்தது. சோதனைக் காலத்தில் அந்த இயந்திரம் எதற்கெடுத்தாலும் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்ற பதிலை முன்வைத்ததாகக் கூகுளே எழுதியது. காரணம் எளிது. உலகில் மிகுதியாக எழுதப்படும் சொற்றொடர் எதுவோ, ஐயம் வரும்போது இயந்திரம் அதன் பக்கம் சாயும். எல்லாருக்கும் பொருந்தும் சொல்லையே அது தேடுகிறது. ஆனால் உறவுக் கடிதம் என்பது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் சொல்லால் ஆனது.

மலேசியர்களான நமக்கு இதில் தனிப்பங்கு உண்டு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட், 'மைக்ரோசாப்ட் 365' தனிநபர், குடும்பச் சந்தாக்களில் 'கோபைலட்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்துக் கட்டணத்தையும் உயர்த்தியது. 'வேர்டு' மட்டுமன்றி, 'அவுட்லுக்' மின்னஞ்சலும் இதில் அடக்கம். உலகத்துக்கு முன்பாக இது முதலில் வந்தது ஆறு இடங்களுக்கு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து, நம் மலேசியா. 2025 ஜனவரியில்தான் மற்ற நாடுகளுக்குப் பரவியது. அதே மாதத்தில் கூகுளும் அலுவலகங்களுக்கான தன் சேவையில் 'ஜெமினி'யைச் சேர்த்து விலையை ஏற்றியது.

ஆஸ்திரேலியாவில் தனிநபர் ஆண்டுச் சந்தா 109 டாலரிலிருந்து 159 டாலர் ஆனது. கோபைலட் இல்லாத பழைய திட்டம் பழைய விலைக்கே இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யப் போனவர்களின் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. ஏறத்தாழ 27 இலட்சம் வாடிக்கையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்று கூறி, அந்நாட்டின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. மறுமாதமே மைக்ரோசாப்ட் அங்குள்ள வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. கேட்கிறவர்களுக்குத்தான் பதில் கிடைக்கிறது.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது கூகுள் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஓட்ட வீராங்கனை சிட்னி மெக்லாஃப்லின் லெவ்ரோனுக்குத் தன் சிறுமகள் எழுத விரும்பும் கடிதத்தை ஜெமினியிடம் எழுதச் சொல்கிறார் ஒரு தந்தை. பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஒரு குழந்தையின் பிழை மலிந்த கடிதத்தைவிடவா இயந்திரக் கடிதம் இனிக்கும்? கண்டனம் வலுத்ததும் கூகுள் அதை ஒலிம்பிக் ஒளிபரப்பிலிருந்து விலக்கிக்கொண்டது.

இங்கே ஒரு நியாயமான மறுகேள்வி எழும். கடிதத்துக்கு உதவியாள் வைப்பது நமக்குப் புதிதா? தோட்டத்தில் எத்தனை பேர் தம் கையால் கடிதம் எழுதினார்கள்? என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டப்பள்ளி ஆசிரியரிடம் நீல நிற விமானக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதி வாங்கிக்கொள்வார். 'இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்' என்ற தொடக்கம்கூட ஓர் ஆயத்தச் சொற்றொடர்தானே?

உண்மைதான். ஆனால் வேறுபாடு உண்டு. பாட்டிதான் வாத்தியாரைத் தேடிப் போனார். வாத்தியார் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து கடிதத்தைப் பிரிக்கவில்லை. எழுதி முடித்ததும், "இது சரியா ஆயா?" என்று ஒரு முறை படித்துக் காட்டினார். ஊரிலிருந்து வந்த கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். அழ வைக்கும் வரியை, "இது முக்கியமில்லை" என்று அவர் விட்டதில்லை.

எனக்கும் இந்தக் கருவிகள் மீது பகை இல்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தடுமாறும் மாணவனுக்கு அவை கைகொடுக்கும். அலுவலகத்தில் நீண்டு கிடக்கும் அறிக்கைகளுக்கு நானே பயன்படுத்துகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: கதவைத் தட்டிவிட்டு உள்ளே வா.

தட்டிவிட்டு வரும் ஏற்பாடு முடியாததுமன்று. ஜிமெயிலின் 'ஸ்மார்ட்' வசதிகள் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டிருக்கும். வேண்டியவர்தான் முடுக்கிக்கொள்ள வேண்டும். நமக்கோ, முடுக்கியே தரப்படுகிறது. வேண்டாதவர் தேடிப்போய் அணைக்க வேண்டும். ஒரே மென்பொருள், இரண்டு மரியாதை! அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது தொழில்நுட்பமன்று; சட்டமும், கேள்வி கேட்கும் மக்களுமே.

அப்பாவின் கைப்பேசியில் அந்தப் பெட்டியை அணைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. அமைப்புகளுக்குள் அமைப்பு, அதற்குள் இன்னோர் அமைப்பு. அணைத்ததும், இத்தனை நாள் உடனிருந்த எழுத்துப்பிழை திருத்தியும், விளம்பரக் கடிதங்களைப் பிரித்து வைக்கும் வசதியும் சேர்ந்தே போய்விட்டன. வேண்டாத விருந்தாளியை வெளியே அனுப்பினால் வீட்டு விளக்கையும் எடுத்துக்கொண்டுதான் போவேன் என்பது என்ன நியாயம்?

2002இல் நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில்தான் அப்பாவுக்குத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே தொடங்கிய 'முரசு' மென்பொருளின் வழிவந்த 'முரசு அஞ்சல்'தான் எங்களுக்குத் துணை. எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால், எழுதியதெல்லாம் புரியாத குறிகளாகக் கிடக்கும். அண்ணன் தொலைபேசியில், "சித்தப்பா, எறும்பு ஊர்ந்த மாதிரி வந்திருக்கு, திரும்ப அனுப்புங்க" என்பார். அப்பா சலிக்காமல் திரும்ப அனுப்புவார். அன்று இயந்திரத்துக்கு நம் எழுத்து தெரியவில்லை. ஆனால் நம் பேச்சில் அது தலையிடவும் இல்லை.

கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்று இரவே அப்பா அண்ணனை அழைத்தார். "நான் எழுதலைய்யா, அது மிசினு எழுதுனது" என்று அவர் சொல்லத் தொடங்கியதுதான் தெரியும்; இரண்டு பக்கமும் அழுகைதான். பிறகு அப்பா என்னைக் கணினி முன்னால் உட்காரவிடாமல், தானே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தமிழில் ஒரு பதில் எழுதினார். இரண்டு மணி நேரம் பிடித்தது. 'அண்ணி' என்ற சொல்லில் மூன்று சுழி ணகரத்துக்குப் பதில் இரண்டு சுழி னகரம் விழுந்திருந்தது. திருத்தட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், அவனுக்குத் தெரியும், இது நான் எழுதுனதுன்னு" என்றார்.

தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியின் கைப்பேசியை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். அவர்கள் கேட்காமல் என்னென்ன உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். வைத்துக்கொள்வதா, அணைப்பதா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நீங்களும் உறவுக்காரர்களின் நல்லது கெட்டதுக்கு நாலு வரியாவது உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஆண்டு தீபாவளிக்கு நாகப்பட்டினத்து வாழ்த்தை எதிர்பார்த்திருக்கிறோம். அப்பா முழுவதையும் உரக்கப் படிப்பார். நாங்கள் உட்கார்ந்து கேட்போம்.